மீதம் இருநூறு மீட்டர்

என்றும் அன்பும் மரியாதையும் குறையாத மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் இங்கே சௌக்கியம். நீங்களும் எங்கள் பெண்ணும் அங்கே சௌக்கியமாக இருப்பது, நேற்று அவள் போனில் அத்தையோடு போட்ட சத்தத்திலிருந்தே தெரிந்தது. இரண்டு தெரு தள்ளி உங்கள் அம்மா சௌக்கியம். உங்கள் அப்பாவும் சௌக்கியம்தான், முழங்காலில் மட்டும் கொஞ்சம் வலி என்கிறார். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். இந்தக் கடிதமே அந்த முழங்காலைப் பற்றியதுதான்.

முந்தாநாள் போனில் கேட்டீர்கள். "மாமா, அந்தப் பழைய சைக்கிள் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டுட்டு, புது மாடல் வாங்கி அனுப்பட்டுமா? சனிக்கிழமை வரைக்கும்தான் விலை குறைச்சிருக்கான். வேணுமா வேண்டாமா, ஒரே வார்த்தையில சொல்லுங்க." ஒரே வார்த்தையில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் 'சரி' என்ற வார்த்தையின் மேல் எனக்கிருந்த நம்பிக்கை போய் ரொம்ப நாளாகிறது. அதனால் "யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். யோசித்ததை இங்கே எழுதுகிறேன். எழுதி முடித்ததும் உங்கள் அத்தை போனில் படம் பிடித்து அனுப்புவாள். கை கொஞ்சம் ஆடும், பொறுத்துக்கொண்டு படிக்கவும்.

ஆசை இல்லையா என்று கேட்டால், இருக்கிறது மாப்பிள்ளை, நிறையவே இருக்கிறது. எங்கள் தெருமுனைப் பல் டாக்டர் தன் சைக்கிளில் வழி சொல்வதற்கு அந்தப் புது மாடலைத்தான் மாட்டியிருக்கிறார். உள்ளங்கை அகலத்துக்குத் திரை, கலர் வரைபடம், தொட்டால் நகர்கிறது, வழி தவறினால் கோபித்துக்கொள்ளாமல் வேறு வழி சொல்கிறது, வெயிலில் நின்றால் தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளுமாம். நம்முடையது தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு. காலையில் வாசலில் நின்று அது செயற்கைக்கோளைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் உங்கள் அத்தை ஒரு குக்கரை ஏற்றி இறக்கிவிடுகிறாள். வெயிலில் எழுத்து தெரியாது. மழையில் பெட்டியே அணைந்துவிடும். போதாததற்கு, நீங்கள் அனுப்பிவைத்த அன்றே மாட்டுகிறேன் என்று நான் கீழே போட்டதில், அம்புக்குறி வருகிற மூலையில் ஒரு கறுப்புத் திட்டு விழுந்துவிட்டது. எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று எழுத்தைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எழுத்து தமிழில் வருகிறது. மாமாவுக்குச் சௌகரியமாக இருக்கட்டும் என்று நீங்களே ஆசையாகத் தமிழில் வைத்துக் கொடுத்தீர்கள். அது எப்பேர்ப்பட்ட தமிழ் என்று உங்களுக்கு இன்றுவரை தெரியாது.

அதைச் சொல்வதற்கு முன்னால் உங்கள் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்கள் அப்பாவை உங்களுக்கே சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் நீங்கள் அவரை மகனாக இருந்து பார்த்தவர், நான் சம்பந்தியாக இருந்து அடிபட்டவன். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், பிழையைக் கண்டால் ஒரு நிமிஷம் பொறுக்க மாட்டார். உங்கள் கல்யாணப் பத்திரிகையை அச்சடித்து முதல் பிரதியை அவர் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து 'வருகைத் தந்து' என்ற இடத்தில் ஒரு வட்டம் போட்டு, "இங்க 'த்' வராது சம்பந்தி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வேறு அச்சடிக்க வேண்டியதாயிற்று, பழைய பத்திரிகை எல்லாம் கட்டுக்கட்டாக என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. நான் ஆயுசு முழுக்க பஸ் ஓட்டியவன் மாப்பிள்ளை. டிக்கெட் எடுக்காமல் எத்தனையோ பேர் ஏறியிருக்கிறார்கள், ஒரு 'த்' கூடுதலாக ஏறிவிட்டது என்று என்னை யாரும் இறக்கிவிட்டதில்லை. கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. ஆனாலும் இரண்டு வீட்டு ஆண்களுக்குள்ளும் பேச்சுவார்த்தை அந்த 'த்'திலேயே நின்றுவிட்டது. பார்த்தால் "வாங்க", கிளம்பினால் "போயிட்டு வர்றோம்", அவ்வளவுதான்.

அப்புறம் அவர் ஓய்வு பெற்றார். திருத்துவதற்கு ஆள் இல்லாமல் போய்விட்டது. முதலில் சமையலறை டப்பாக்களில் சம்பந்தி அம்மா ஒட்டிவைத்திருந்த பெயர்களைத் திருத்தினார். அந்த அம்மா சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிட்டு மோந்து பார்த்துச் சமைக்க ஆரம்பித்தார். அதற்குப் பிறகு ஜன்னலோரமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். நீங்கள் போன் செய்தால் 'ம்' என்பார், அதற்கு மேல் ஒரு எழுத்து வராது. "அப்பா எப்படி இருக்கார் மாமா?" என்று நீங்கள் என்னிடம் கேட்கும்போதெல்லாம் "ஜோரா இருக்கார்" என்று சொல்லிவைத்தேன். ஜோராக இல்லை மாப்பிள்ளை. ஒரு காலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தையே அதட்டிய மனுஷர், ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 'த்' கோபமெல்லாம் எனக்கு மறந்தே போய்விட்டது, பார்க்கவே சங்கடமாக இருந்தது.

நீங்கள் அனுப்பிய பெட்டியை மரியாதைக்கு அவரிடம் ஒரு தரம் காட்டிவிட்டு வரலாம் என்று போனேன். அவர் கையில் வாங்கினார். வீட்டுக்குள் இருந்ததால் அதற்குச் செயற்கைக்கோள் அகப்படவில்லை, கீச்சென்று கத்திவிட்டுத் திரையில் ஒரு வரி போட்டது. அவர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு சத்தமாகப் படித்தார்: "செயற்கைக்கோளை இழந்தோம். ஆழ்ந்த வருத்தங்கள்." அடுக்களையிலிருந்து சம்பந்தி அம்மா ஓடி வந்து, "யாரு? யாரு தவறிட்டாங்க?" என்று கேட்டார். உங்கள் அப்பா பெட்டியை இந்தப் பக்கம் திருப்பி, அந்தப் பக்கம் திருப்பி, பித்தானை அமுக்கி அமுக்கி ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே போனார். முகத்தில் ரத்தம் ஓட ஆரம்பித்தது. கடைசியில் என்னை நிமிர்ந்து பார்த்து, "சம்பந்தி, இதை எங்க மாட்டுவீங்க?" என்றார். "சைக்கிள் ஹேண்டில்பார்ல." "எப்ப ஓட்டுவீங்க?" "ஞாயித்துக்கிழமை காலையில." "நானும் வரேன். இது இன்னும் என்னென்ன எழுதுதுன்னு பார்க்கணும்." பரணில் கிடந்த தன் பழைய சைக்கிளை அன்று சாயங்காலமே இறக்கித் துடைத்தாராம். சம்பந்தி அம்மா எனக்குப் போன் செய்து சொன்னார்.

முதல் ஞாயிறு. நீங்கள் அங்கிருந்தபடி ஏற்றி அனுப்பிய வழியைத் திறந்துகொண்டு கிளம்பினோம். ஒரு முக்கு வந்ததும் பெட்டி கத்தியது: "சரி 200 மீட்டர்." இருநூறு மீட்டருக்கு நாம் போகிற வழி சரிதான் என்று சொல்கிறது, நல்ல பெட்டி, தைரியம் கொடுக்கிறது என்று நினைத்துக்கொண்டு நேராகப் போனேன். மறுபடியும் கத்தியது: "மீதம் 200 மீட்டர்." "சம்பந்தி, இன்னும் இருநூறு மீட்டர்தான் பாக்கி, வந்தாச்சு" என்றேன். நேராகப் போனோம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் மீதம் இருநூறு மீட்டர். இன்னும் போனோம். மறுபடியும் அதே இருநூறு. நான் ஓட்டிய எந்த ரூட்டிலும் இப்படிக் கடைசி ஸ்டாப்பிங் தள்ளிப்போய்க்கொண்டே இருந்ததில்லை. "என்ன சம்பந்தி, குறையவே மாட்டேங்குதே" என்றேன். "போங்க, போங்க. எழுதியிருக்குல்ல" என்றார். ஊர் முடிந்தது, குடோன்கள் முடிந்தன, தார் முடிந்தது. அப்போது பெட்டி நீளமாகக் கத்திவிட்டு எழுதியது: "நீங்கள் பாடத்தை விட்டு விலகிவிட்டீர்கள். பாடத்துக்குத் திரும்பவும்." போகிற வழிக்கும் பாடத்துக்கும் இங்கிலீஷில் 'கோர்ஸ்' என்று ஒரே பேராம். உங்கள் அப்பா சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றிக்கொண்டு, அதை இரண்டு தரம் படித்தார். "காலம் பூரா நான் பசங்ககிட்ட சொன்ன வார்த்தை சம்பந்தி. இன்னைக்கு என்கிட்ட சொல்லுது" என்றார். உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பா, கோபமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

சிரிப்பு என்று அடுத்த வாரம் தெரிந்தது. அன்றும் சரி சரி என்று நேராகப் போய், ஒரு திறந்த கேட்டுக்குள் நுழைந்து, ஓட்டல் படுக்கை விரிப்புகளை வெளுக்கிற சலவைக்கூடத்தின் பின்புறத்தில் மாட்டிக்கொண்டோம். எங்கே பார்த்தாலும் வெள்ளைத் துணி, ஆள் உயரத்துக்கு மேலே, வரிசை வரிசையாகக் காய்கிறது. உள்ளே போக வழி தெரிந்தது, வெளியே வர வழி தெரியவில்லை. ஈரத் துணி முகத்தில் அறைகிறது, "சம்பந்தி, எங்க இருக்கீங்க?" என்று நான் கத்துகிறேன், "இங்கதான், விரிப்புக்கு அந்தப் பக்கம்" என்கிறார் அவர், எந்த விரிப்பு என்று சொல்ல மாட்டேன் என்கிறார். சுற்றிச் சுற்றி வந்த இடத்துக்கே வருகிறோம். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் பெட்டி கீச்சென்று கத்தி, "மடி 1" என்கிறது, அடுத்த சுற்றில் "மடி 2". உங்கள் அப்பா ஒரு துணியை விலக்கிக்கொண்டு வந்து திரையைப் பார்த்தார். "மடின்னா தொடை மேல உட்கார வெச்சுக்கிற மடி. மடின்னா சோம்பல். மடின்னா செத்துப்போ. இதுல எதை ரெண்டு தரம் செய்யச் சொல்லுது?" என்று கேட்டார். இங்கிலீஷில் ஒரு சுற்றுக்கு 'லேப்' என்று பேராம், மடிக்கும் அதே பேராம், எவனோ சுற்றை மடியாக்கிவிட்டிருக்கிறான். அந்த நேரம் பார்த்து என் சைக்கிள் சக்கரம் ஒரு விரிப்பை இழுத்துச் சேற்றில் போட்டுவிட்டது, சலவைக்கூடத்து மேஸ்திரியம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்து நின்றார். "பெரியவங்க செய்யற வேலையா இது? அழுக்காக்கினதுக்கு ஈடா காஞ்சதை எல்லாம் எடுத்து மடிங்க." பெட்டி உடனே கத்தியது: "மடி 3."

மாப்பிள்ளை, உங்கள் அப்பா சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, ஒரு கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மேஸ்திரியம்மா முதலில் முறைத்தார், அப்புறம் திரையை எட்டிப் பார்த்தார், அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு விரிப்புகளை மடித்தோம். ஓரம் சேரவில்லை என்று உங்கள் அப்பா என்னை நாலு தரம் பிரிக்கவைத்தார். நீங்கள் பிள்ளையாக இருந்து அவர் இப்படிச் சிரித்துப் பார்த்திருப்பீர்களோ என்னவோ, நான் பார்த்தேன். அந்தச் சிரிப்புக்காக இந்தப் பெட்டிக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அதற்கப்புறம் ஒரு ஞாயிறு தவறியதில்லை. தண்ணீர்த் தொட்டி மேட்டில் நாக்குத் தள்ள ஏறிக்கொண்டிருக்கும்போது "மதிப்பெண் 8 சதவீதம்" என்று போடும். மேடு எவ்வளவு செங்குத்து என்பதைத்தான் அந்த லட்சணத்தில் சொல்கிறதாம், இங்கிலீஷில் இரண்டுக்கும் 'கிரேடு' என்று பேராம். "எட்டுக்கெல்லாம் நான் பாஸ் போட்டதில்ல சம்பந்தி, இன்னும் மிதிங்க" என்பார் உங்கள் அப்பா. இறக்கத்தில் மைனஸ் ஆறு போட்டது. தன் சர்வீசில் எவ்வளவு மக்குப் பையனுக்கும் மைனஸ் போட்டதில்லை என்று அவர் பெட்டியைக் கடிந்துகொண்டார். ஒரு தடவை நடுவழியில் மழை பிடித்துப் பெட்டி அணைந்துவிட்டது. இரண்டு பேரும் நனைந்துகொண்டே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறோம், பல் டாக்டர் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு, புதுப் பெட்டி பளபளக்க எங்களைத் தாண்டிப் போகிறார். "ஏதாவது உதவி வேணுமா?" என்று கேட்டார். உங்கள் அப்பா, "வேண்டாம் டாக்டர், மீதம் இருநூறு மீட்டர்தான்" என்றார். வீடு கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. நாங்கள் சிரித்த சிரிப்பில் டாக்டர் பயந்துபோய் வேகமாக மிதித்துவிட்டார்.

இதற்கு நடுவில் உங்கள் மாமனார் ஒரு கண்டுபிடிப்பு செய்தார் என்பதையும் பதிவு செய்கிறேன். சைக்கிளில் போனாலும் பஸ் ஸ்டாப்பிங்கைக் கண்டால் எனக்குக் கால் தானாக ஊன்றிவிடும், பழக்கதோஷம். அப்படி ஒரு ஸ்டாப்பிங்கில் நிற்கும்போது, பக்கத்தில் நின்ற பஸ்ஸின் கண்டக்டர் "ரைட், ரைட்" என்று குரல் கொடுத்தார். பஸ் கிளம்பி வலது பக்கம் திரும்பிப் போயிற்று. அதே நேரம் என் பெட்டியில் "சரி 50 மீட்டர்". எனக்குப் பொறி தட்டியது. கண்டக்டர் ரைட் என்றால் சரி, போகலாம் என்று அர்த்தம், அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் ஆயுசு பூரா நேராகப் போயிருக்கிறேன். ஆனால் இங்கிலீஷில் வலது பக்கமும் ரைட்தானே? அப்படியானால் பெட்டியின் 'சரி' வலது பக்கம். இடதுக்கு லெஃப்ட், மிச்சம் மீதிக்கும் லெஃப்ட். பெட்டியின் 'மீதம்' இடது பக்கம். இத்தனை நாளாக அது எங்களைத் திரும்பு திரும்பு என்று கெஞ்சியிருக்கிறது, நாங்கள் திரும்பவே இல்லை. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிப்போய், முன்னால் போய் நின்றிருந்த உங்கள் அப்பாவிடம் சொன்னேன். "அடடே, எனக்குத் தோணவே இல்லையே சம்பந்தி" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து உங்கள் அத்தையிடம் சாப்பிடும்போது ஒரு தரம், கை கழுவும்போது ஒரு தரம் சொன்னேன். "அவர் இங்கிலீஷ் பாடமும் நடத்தினவராச்சே, அவருக்கா தெரியாது?" என்றாள். "எல்லாத்துக்கும் படிப்பு போதாது. ரோட்டுல இருந்திருக்கணும்" என்றேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அர்த்தம் தெரிந்த பிறகு ஒழுங்காகத் திரும்பி ஒழுங்காக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது உங்கள் அப்பா முக்கில் நின்று, "சம்பந்தி, இன்னைக்குப் பழைய அர்த்தத்துல போவோமா?" என்பார். பழைய அர்த்தத்தில் நேராகப் போவோம். அப்படிப் போய்த்தான் வாத்துப் பண்ணையைப் பார்த்தோம், பாதியில் நின்றுபோன பாலத்தைப் பார்த்தோம், ஊருக்கு வெளியே வெண்ணெய் பன் சுடுகிற ஒரு பேக்கரியைப் பார்த்தோம். அந்தப் பேக்கரிப் பலகையில் எழுத்துப்பிழை. உங்கள் அப்பா அதைக் கடைக்காரரிடம் சொல்லித் திருத்தவைத்தார், பன் இலவசமாகக் கிடைத்தது.

இப்போது வினையைச் சொல்கிறேன். போன மாதம் நீங்கள் முதல் தடவை புது மாடல் பேச்சை எடுத்ததைப் பல் டாக்டரிடம் பெருமையாகச் சொன்னேன். "வாங்கறதுக்கு முன்னாடி ஒரு ஞாயிறு என்னோடதை ஓட்டிப் பாருங்க" என்று கழற்றிக் கொடுத்துவிட்டார், தமிழிலும் வைத்துக் கொடுத்தார். அன்றைக்கு வானம் மூடிக்கொண்டு வெயிலே இல்லாமல் குளுகுளுவென்று இருந்தது. பெட்டி கண் சிமிட்டும் நேரத்தில் செயற்கைக்கோளைப் பிடித்தது. "இருநூறு மீட்டரில் வலப்புறம் திரும்பவும்." திரும்பினோம். "இடப்புறம் திரும்பவும்." திரும்பினோம். ஒற்று சரி, புள்ளி சரி, எல்லாம் அச்சடித்தது மாதிரி. உங்கள் அப்பா முதலில் ஆசையாக எட்டி எட்டிப் பார்த்தார். அப்புறம் பார்க்கவில்லை. வழி தவறவில்லை, யாரிடமும் வழி கேட்கவில்லை, யாரும் எங்களைத் திட்டவில்லை, போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டோம். வாசலில் சைக்கிளை நிறுத்தி, "பிழையே இல்லை சம்பந்தி" என்றார். நல்ல செய்தி சொல்கிற குரல் அதுவல்ல. அடுத்த ஞாயிறு காலையில் போனில் ஒரு வரி வந்தது: "முழங்காலில் வலி மிகும். வரவில்லை." நீங்களும் நானும் எழுதினால் 'வலி அதிகம்' என்று எழுதுவோம், அவருக்கு இலக்கணமாகத்தான் வலிக்கும். அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. சம்பந்தி அம்மாவுக்குப் போன் செய்தேன். "ஜன்னல்கிட்ட நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கார்" என்றார்.

முழங்காலும் இல்லை, ஒன்றும் இல்லை மாப்பிள்ளை. மனுஷர் பிழை பிடிக்கத்தான் வந்துகொண்டிருந்தார். பிழை இல்லாத பெட்டியில் அவருக்கு என்ன வேலை? நான் புதுப் பெட்டியை மாட்டினால் என் வழி சரியாகிவிடும், அவர் மறுபடி ஜன்னலுக்குப் போய்விடுவார். யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன். கலர் வரைபடம் எனக்கு எதற்கு, நான் பார்க்காத ரோடா? வெயிலில் எழுத்து தெரியாவிட்டால் கையால் மறைத்துக்கொண்டு பார்த்துக்கொள்கிறேன். மழையில் அணைந்தால் அணையட்டும். ஆகவே தீர்மானமாகச் சொல்கிறேன்: புதியது வேண்டாம். அனுப்பாதீர்கள். உங்கள் வீட்டுக்காரி, "அப்டேட் பண்ணினா பழசுலயே தமிழ் சரியாயிடும்ப்பா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு வேகம் ஜாஸ்தி, அந்தப் பித்தானை அவள் அங்கிருந்தபடி அமுக்கிவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. வருகிற ஞாயிறு பழைய பெட்டியை மாட்டிக்கொண்டு நானே உங்கள் அப்பா வாசலில் போய் மணியடிக்கப் போகிறேன். வந்தால் இரண்டு பேரும் போவோம். வராவிட்டால் நானும் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன்.

நீங்கள் இரண்டு பேரும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சண்டை போட்டாலும் சாயங்காலத்துக்குள் முடித்துக்கொண்டு, நூறு வயசு சிரித்தபடி இருக்க எங்கள் ஆசீர்வாதம். உங்கள் அத்தை பக்கத்தில் நின்றுகொண்டு, அவளுடைய ஆசீர்வாதத்தைத் தனியாக எழுதச் சொல்கிறாள், என்னுடையதோடு சேர்த்தால் குறைந்துவிடுமாம். அது தனி.

இப்படிக்கு,
மாறாத அன்புடன்
மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடலாம் என்று பார்த்தேன், உங்கள் அத்தை கூடாது என்கிறாள். நடந்தது இது. கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு, படம் பிடிக்க போன் எங்கே என்று மாடி முழுக்கத் தேடிவிட்டு இறங்கி வருகிறேன், உங்கள் அப்பா மேஜையில் உட்கார்ந்து கடைசிப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார். அத்தைதான் காபி கொடுத்து உட்காரவைத்திருக்கிறாள். எழுத்து இருக்கிற காகிதம் எதிரில் கிடந்தால் அவர் படிக்காமல் விடுவாரா? கையில் சிவப்புப் பேனா.

"சம்பந்தி, முழங்கால் நெஜமாவே வலிச்சுது. மாடிப்படியில இடிச்சுக்கிட்டேன். இப்ப பரவாயில்ல" என்றார்.

"அப்ப அந்த ஜன்னல் நாற்காலி?"

"காலை நீட்டி உட்கார வேற இடம் எங்க இருக்கு?"

அவர் பக்கங்களை அடுக்கி ஓரத்தைச் சரிசெய்தார், விரிப்பு மடிப்பது மாதிரியே. அப்புறம் சொன்னார்: "மீதம்னா லெஃப்ட்டுன்னு எனக்கு முதல் நாளே தெரியும்."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா திரும்பியிருப்பீங்க. திரும்பினா வீடு வந்துடும்."

அடுக்களையில் உங்கள் அத்தை சிரிக்கிற சத்தம் கேட்டது. உங்கள் அப்பா காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "பிழை பார்க்கணும்னா எனக்குத் தினசரிப் பேப்பர் போதும், வாசல்லயே கொண்டாந்து போடறான். நான் என்ன, பெட்டிகூடவா சைக்கிள் ஓட்டறேன்?" என்றார். நான் இன்னொரு காபி குடிக்கிறீர்களா என்று கேட்டேன்.

அவரை வாசல்வரை கொண்டுபோய் விடும்போது பல் டாக்டர் சைக்கிளை நிறுத்தி, "என்ன சார், புதுசு வாங்கறதா முடிவு பண்ணியாச்சா?" என்று கேட்டார். நல்ல வெயில். அவர் ஹேண்டில்பாரில் இருந்த புதுப் பெட்டி கீச்சென்றது. உங்கள் அப்பா குனிந்து, கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, சத்தமாகப் படித்தார்: "சூரியன் குற்றம் சாட்டுகிறது." சார்ஜ் ஏறுகிறதாம், குற்றம் சாட்டுவதற்கும் இங்கிலீஷில் 'சார்ஜ்'தானாம். நாங்கள் அதை ஓட்டிப் பார்த்த ஞாயிறு மேகம் மூடாமல் இருந்திருந்தால் அன்றே பார்த்திருப்போம். உங்கள் அப்பா நிமிர்ந்தார், சலவைக்கூடத்தில் பார்த்த அதே முகம்.

ஆகவே மாப்பிள்ளை, உடனே வாங்கி அனுப்பவும். சனிக்கிழமை போனால் விலை ஏறிவிடும். புதியது என் சைக்கிளுக்கு, பழையது உங்கள் அப்பா சைக்கிளுக்கு. முக்கில் நின்று எந்தப் பெட்டி சொல்வதைக் கேட்பது என்று நாங்கள் சண்டை போட்டுக்கொள்கிறோம்.

வீட்டுக்குப் போகாமல் என்னோடு உள்ளே திரும்பி வந்து, நான் இதை எழுதி முடித்ததும் கடிதத்தை மறுபடி அவர் வாங்கிக்கொண்டார். கீழே சிவப்பு மையில் இருப்பது என் கையெழுத்து இல்லை.

*அன்பு மகனுக்கு, உன் மாமாவின் கடிதத்தை முழுவதும் படித்தேன். பிழைகள் நிறைய. ஒன்றையும் திருத்தவில்லை. — அப்பா*